மதிக்குப் பேச்சு வரும்வரை

சிப்பித்தீவு ஒலி ஆய்வு நிலையம், மன்னார் வளைகுடா
பணியில் இருப்பவர்: ஆவுடைநாயகி, விலங்கு ஒலியியல்

ஜூன் 9, காலை 6.40

தென்மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. கடல் கலங்கல். தண்ணீருக்கடியில் இறக்கியிருக்கும் ஒலிவாங்கிகள் நான்கில் மூன்று வேலை செய்கின்றன. நான்காவதன் கம்பியை எதுவோ கடித்துவிட்டது. இவ்வளவு பெரிய கடலில் கடிக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

டால்பின் கூட்டம் ஒன்று கிழக்கே கடந்து போனது. பதினோரு சீட்டிகளை அடையாளம் கண்டேன். ஒவ்வொரு டால்பினும் குட்டியாக இருக்கும்போதே தனக்கென்று ஒரு சீட்டியை உண்டாக்கிக்கொள்கிறது. சாகும்வரை அதுதான் அதன் பெயர். பெரியவர்கள் பார்த்து வைத்த பெயரைச் சுமந்து திரியும் கொடுமை அவற்றுக்கு இல்லை. ஆவுடைநாயகி என்ற பெயரோடு கான்வென்ட் பள்ளியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாலை 5.10

கரையோடு பேச்சு. தீவில் செல்பேசிக்கு சிக்னல் கிடையாது. வயர்லெஸ் உண்டு, நாளுக்கொரு முறை செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் செய்தி வரும், அவ்வளவுதான். கரையில் வயர்லெஸ் அறையைப் பார்த்துக்கொள்பவர் ரொசாரியோ. என் கணவர் சங்கரலிங்கம் வேலை முடிந்ததும், பத்து மாதமான எங்கள் மகள் நிறைமதியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். விட்டால்தான் எதிர்ப்பக்கம் பேச முடியும். பெற்ற பிள்ளையைக் கொஞ்சிவிட்டு "ஓவர்" சொல்லும் தாய் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"மேடம், ஒங்க மவ மைக்க நக்குதா. ரிப்பேராச்சுன்னா ஆபீசுக்கு நான் என்னன்னு எழுதிக் குடுக்க? ஓவர்."

ஜூன் 21, மாலை 5.00

எனக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை. ரொசாரியோ சொன்னது:

"ஊரே படுத்துக் கெடக்கு மேடம். தொண்டக் காய்ச்சலுங்காவ. மூணு நாள்ல காய்ச்சல் விட்டுருது. ஆனா பேச்சு திரும்ப மாட்டேங்கு. எங்க தெருவுல பாதிப் பேரு ஊமையாயிட்டான். சர்ச்சுல பாட்டுப் பாட ஆள் இல்ல. எங்க பாத்தாலும் இதே கததான், வெளிநாட்லயும். ஒங்களுக்குப் படகு அனுப்பட்டுமா, என்ன செய்ய? ஓவர்."

இப்போது வேண்டாம் என்றேன். அரிசி, பருப்பு, தண்ணீர் இருக்கிறது. சூரியத் தகடுகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஜூன் 25, பகல் 11.20

டால்பின்கள் திரும்பி வந்தன. சீட்டி ஒன்றுகூட இல்லை. வழி பார்க்க எழுப்பும் டிக் டிக் ஒலி மட்டும் கேட்கிறது. கூட்டமாக வரவில்லை, தனித்தனியாக, திக்கு தெரியாமல் சுற்றுகின்றன.

கரையில் எந்தெந்தப் பிராணிக்குச் சத்தம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்க்கும்படி ரொசாரியோவிடம் கேட்டிருந்தேன்.

"நாய் குலைக்குது. கோழி கூவுது. ஆடு மாடு எல்லாம் எப்பவும் போலத்தான். காக்கா வாயத் தொறக்கு, சத்தம் வரல. கிளி, மைனா, சிட்டு எல்லாம் கப்சிப். ஆனா குயிலு மட்டும் கூவிக்கிட்டே கெடக்கு மேடம். அதுக்கு மட்டும் என்ன கொழுப்பு? ஓவர்."

குயிலுக்குக் கொழுப்பு இல்லை. காக்கைக் கூட்டில் பிறந்து, காக்கை ஊட்டி வளர்ந்தாலும் அது காக்கைபோலக் கத்துவதில்லை. அதன் கூவல் முட்டைக்குள்ளேயே அதற்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நாய்க்கும் கோழிக்கும் அப்படித்தான். காக்கை, கிளி, டால்பின், மனிதன் எல்லாம் வேறு ஜாதி. நாங்கள் கேட்டுக் கற்பவர்கள். கேட்டதைத் தொண்டைக்குக் கொண்டுபோக மூளையில் ஒரு தனித் தடம் போட்டு வைத்திருப்பவர்கள். இந்தக் காய்ச்சல் அந்தத் தடத்தைத் தேடிப்போய்த் தின்கிறது. மனிதர்களிடம் மிஞ்சுவது அழுகை, சிரிப்பு, முனகல், இருமல். அவை வேறு பாதையில் வருபவை.

இத்தனை வருடம் படித்ததற்கு இப்படியொரு நிரூபணம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 3, மாலை 5.15

சங்கரலிங்கத்துக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். தொண்டை கரகரவென்றிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"இங்க பாரு... கைக்குழந்தைங்களுக்கு இது ஒண்ணும் பண்றதில்லயாம். வந்துட்டுப் போயிருது. மதிக்கும் வந்துட்டுப் போயிட்டு. நல்லாருக்கா. நீ... நீ வந்துராத. படகு அனுப்புதேன்னு யார் சொன்னாலும் ஏறாத. நீ ஒருத்தி பேசுதியே, அது போதும். அவகிட்ட பேசு. டெய்லி பேசு. எனக்கு வேற ஒண்ணும்... ஓவர்."

அதுதான் நான் கேட்கும் அவருடைய கடைசிப் பேச்சாக இருக்கும். காதல் கல்யாணம், எட்டு வருடம், எத்தனையோ சண்டை. ஒரு சண்டையையாவது பதிவு செய்து வைத்திருக்கலாம்.

ஜூலை 8, காலை 9.30

ரொசாரியோவுக்கும் போய்விட்டது. இனி மைக்கைத் தட்டுவார்கள்: ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

நிலைமையை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். குழந்தைகளின் மூளையில் அந்தத் தடம் இன்னும் போடப்படவில்லை. அதனால் காய்ச்சலுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை, வந்த வழியே போய்விடுகிறது. அப்படியென்றால் அவர்களால் பேச்சைக் கற்க முடியும். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினால் என்ன என்று தலைமை அலுவலகம் எழுத்தில் கேட்கிறது. என்னை நம்புங்கள், அது நடக்காது. கைக்குழந்தைக்கு மணிக்கணக்காகப் பேச்சைப் போட்டுக் காட்டினாலும் அது மின்விசிறிச் சத்தம் மாதிரிதான். குழந்தை "ப்பா" என்றால் அந்த நொடியே யாராவது "ப்பாவா? அப்பா எங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். தன் சத்தத்துக்குப் பதில் வருகிறது என்று தெரிந்தால்தான் அது கற்கத் தொடங்கும். பதில் சொல்ல உயிரோடு ஒருவர் வேண்டும்.

தமிழில் பதில் சொல்ல எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது நான்தான். கரைக்குப் போனால் மகளைத் தூக்கலாம், பேச்சு போய்விடும். இங்கே இருந்தால் பேசலாம், தூக்க முடியாது. தேர்வு செய்துவிட்டேன். கரையிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை. மிதந்து வரும் பொருள், செத்த மீன், எதுவும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மதியோடு பேச்சு.

ஜூலை 16, மதியம் 12.50

இன்று மதி தந்தது: "பபப", "த்தா", ஒரு நீண்ட "ங்ங்ங்". நான் கொடுத்தது: தோசை, நிலா, நாய்க்குட்டி, அப்பாவின் மீசை. அவள் பேசி முடித்ததும் நிறுத்திக் காத்திருக்கிறாள். முறை வைத்துப் பேசுவது என்பது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வயர்லெஸ் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அவளுடைய முதல் சொல் "ஓவர்" ஆகிவிடுமோ என்று கரையிடம் கேட்டேன். ஒரு தட்டு. பின்னாலேயே சிரிப்புச் சத்தம், நிறைய பேருடையது.

யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தட்டிச் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. ஆனால் வேறு குழந்தைகளின் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லோருக்குமாகத் தொண்டை வற்றும்வரை பேசினேன்.

ஜூலை 24, காலை 8.00

தலைமை அலுவலகத்தின் செய்திகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. பேச்சு போன சில வாரங்களில் சொற்களும் போகின்றனவாம். முதலில் பெயர்கள், பிறகு வாசிப்பு, எழுத்து, கடைசியாகக் கைச்சாடைகூட. காது கேளாதவர்களின் சைகை மொழியாவது தப்பும் என்று நம்பியிருந்தேன். அவர்கள் கைகளும் மறக்கின்றனவாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்கள், பழகிய வேலையைச் செய்கிறார்கள்.

இன்றைய செய்தி முழுவதும் இவ்வளவுதான்: "நாங்கள் இங்கே நல்ல. அனுப்பவும். அது அனுப்பவும்."

இனி எல்லாம் குழந்தைகள் கையில். அவர்களுக்கு நான்.

ஜூலை 29, காலை 8.10

சங்கரலிங்கத்திடமிருந்து எழுத்தில்: "மாமா போய்ட்டாங்க. தண்ணி குடிக்கும்போ பொரையேறி. நான் பக்கத்ல. நீ அழாத."

மாமா என்றால் என் அப்பா. தொண்டைத் தசைகள் சொன்னபடி கேட்காதபோது வயதானவர்களுக்கு இப்படி ஆகும். தெரிந்ததுதான். தெரிந்து என்ன ஆகப்போகிறது. மதியப் பேச்சில் மதியிடம் தாத்தா என்று ஒரு சொல்லைக் கொடுத்தேன். இரண்டாவது முறை சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 4, மதியம் 1.40

காலையில் ஆளில்லாத வள்ளம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து பவளப்பாறையில் மோதி உடைந்தது. நான் பக்கத்தில் போகவில்லை.

இன்று ஆடி அமாவாசை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அப்பா காக்கைக்கு வைக்காமல் வாயில் சோறு வைக்க மாட்டார். மொட்டை மாடியில் நின்று "கா, கா" என்று அவர் கூப்பிடும்போது, இவ்வளவு மோசமாகக் காக்கைக்குரல் எடுப்பவரை நான் என் தொழிலிலேயே பார்த்ததில்லை என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்.

இந்தத் தீவில் காக்கை கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் செய்தேன். சோறு வடித்து, பருப்பு ஊற்றிப் பிசைந்து, பூவரச இலையில் வைத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்தேன். "கா, கா" என்று கூப்பிட்டேன். அப்பாவைவிட மோசமாக.

வந்துவிட்டது. அந்த வள்ளத்தில் வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு அண்டங்காக்கை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அது என்ன கொண்டுவந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஒரு கல்லை விட்டெறிந்திருந்தால் போயிருக்கும். எறிய மனம் வரவில்லை. பசித்த மனிதர்போல நிதானமாக, பருக்கை சிந்தாமல் சாப்பிட்டது. நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன். அது பறந்துபோகும்வரை அசையவில்லை.

பிறகு நானும் சாப்பிட்டேன். நாளாயிற்று இவ்வளவு சாப்பிட்டு.

ஆகஸ்ட் 4, மாலை 6.30

இலையை எடுத்துப் போட்டது இந்தக் கைதான். எடுத்துப் போட்டுவிட்டு அழுதேன். கண்ணைத் துடைத்தேன். இதே கையால்.

சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஐந்து மணி நேரம் கழித்துத் தேய்த்து என்ன பயன். முட்டாள். படித்த முட்டாள். உலகத்தில் வேறு எந்த ஊர் விஞ்ஞானியும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். காக்கையைப் பார்த்ததும் அப்பா என்று நினைக்க அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஆகஸ்ட் 12, காலை 7.00

காய்ச்சல். நூற்றிரண்டு.

கரைக்குச் சொன்னேன். எனக்கு வந்துவிட்டது, இனிமேல் இங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை, படகு அனுப்புங்கள், குழந்தையை ஒருமுறை தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.  பிறகு ஒரு தட்டு. சிறிது கழித்து இன்னொன்று. அது ஆம், ஆம் என்பதா, இல்லை என்பதா என்று கேட்டேன். தட்டிக்கொண்டே இருந்தார்கள். மழை பெய்வதுபோல் இருந்தது.

சங்கரலிங்கத்துக்கும் சொற்கள் போய்விட்டன. வேளை தவறாமல் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மட்டும் கைகால்களுக்குத் தெரிந்திருக்கிறது. படகு வராது.

ஆகஸ்ட் 14, மாலை 6.45

தொழில் தர்மம், எழுதி வைக்கிறேன். முதலில் போனது ழ. காலையில் வாழைப்பழம் என்று சொல்லிப் பார்த்தேன், கொழகொழவென்று வந்தது. மதியத்துக்குள் ர, ற. நாக்கு இருக்கிறது, அசைகிறது, சாப்பிடுகிறது. நான் சொல்லும் இடத்துக்கு மட்டும் போக மறுக்கிறது.

உதட்டு ஒலிகள் இன்னும் இருக்கின்றன. அதனால் மாலை முழுவதும் ப, ம. மதிக்குத் தெரிந்தவையும் அவைதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தோம். "மாமா, பாப்பா, அப்பா, அம்மா." திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஏதோ ஒன்று சொன்னாள். சொல் இல்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டாள். இன்னும் சில வாரம் போதும். யாராவது எனக்கு அந்தச் சில வாரத்தைத் தரக்கூடாதா.

ஆகஸ்ட் 17, மதியம் 12.40

போய்விட்டது. வாயைத் திறந்தால் மாடு கத்துவதுபோல் ஒரு முனகல்.

பொத்தானை அழுத்தி அதையாவது கொடுத்தேன். சத்தமே இல்லாமல் இருப்பதற்கு அது மேல் என்று நினைத்தேன்.  மதி அதையே திருப்பிச் செய்தாள். அந்த முனகலை. ஏற்ற இறக்கம்கூடப் பிசகாமல், அப்படியே. கெட்டிக்காரி. கேட்டுக் கற்பவள் அல்லவா, கொடுத்ததைத்தான் கற்பாள்.

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இனி அழுத்த மாட்டேன். என் மகளுக்கு இதை நான் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 22, மாலை 5.20

கேட்பதோடு சரி. மூன்று வேளை இல்லை, மாலையில் மட்டும் வருகிறார்கள். வேறு குழந்தைகளின் சத்தம் இல்லை.

இன்று மதி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு நாயாக இருக்கலாம், பக்கத்தில் குரைத்தது. கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னை அறியாமலே பொத்தானை அழுத்திவிட்டேன். சிரிப்பு வேறு பாதை, அது கெட்டுப்போகவில்லை. என் குரல், என்னுடைய பழைய குரல், சிரிப்பில் மட்டும் அப்படியே இருந்தது. அவள் கேட்டுவிட்டு இன்னும் சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். மூன்று பேரும் ஒரு குடும்பம்போல் சிரித்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் இதைவிடச் சந்தோஷமாக நான் இருந்தது கிடையாது.

நாளைக்கும் சிரிக்க முயன்றேன். வேண்டுமென்று சிரித்தால் வருவதில்லை.

சொல் தப்பு. நாளைக்கும் இல்லை, மறுபடியும்.

ஆகஸ்ட் 31, காலை

கடிகாரம் படிக்க நேரமாகிறது.

கடலில் ஒலிவாங்கி போடவில்லை. அந்தப் பெரிய மீன், மீன் இல்லை, மூச்சு விடுவது, அதன் பெயர் காலையிலிருந்து வரவில்லை. அதைப் படித்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் யாரோ உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கோ தப்பிய கப்பல், எங்கோ தப்பிய தீவு. கரையில் வயர்லெஸ் அறைக்குப் போங்கள். என் மகள் இருப்பாள். சின்னக் குழந்தை. நிறைமதி. நிறைமதி. நிறைமதி. அவள் எது சொன்னாலும் உடனே பதில் சொல்லுங்கள். காக்க வைக்காதீர்கள். குழந்தைகள் காத்துக் காத்து நிறுத்திவிடுவார்கள், பிறகு தொடங்க மாட்டார்கள்.

செப்டம்பர்

எழுதினால் நிற்கும் என்று எழுதுகிறேன். சோறு, தண்ணீர், கை, கதவு. கதவு. இவை இருக்கின்றன.

சுவரில் ஒரு படம். ஒரு ஆள், மீசை. கையில் சின்ன ஒன்று. எனக்கு அவர்களைப் பிடிக்கிறது. பார்த்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. காரணம் எழுத வந்தேன். உட்கார்ந்ததும் போய்விட்டது.

மேலே எழுதியிருப்பது வாசிக்க முடியவில்லை. என் எழுத்துதான்.

காலை

மழை. தொட்டி நிறைந்தது. வெயில் வந்தது. பறவை வெள்ளை, நிறைய. அவை கத்தும்.

பெட்டி, மேசை மேல். சிவப்பு விளக்கு. அதன் முன்னால் போய் உட்காருகிறேன். வெளிச்சம் சாயும்போது போகிறேன். கால் தானாகப் போகிறது.

வெளிச்சம் சாயும்போது

பெட்டியில் சத்தம்.

சின்னது. வாய் திறந்து, மூடி, திறந்து. மூடி, திறந்து. தெளிவு. நேற்று இப்படி இல்லை. இன்று புதிது.

நிறுத்தியது. காத்தது. மறுபடி அதே. நிறுத்தி, காத்து, மறுபடி அதே. பலமாக. அழுகை இல்லை. கூப்பிடுகிறது.

அழகு. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

யாரும் பதில் தரவில்லை. அது கூப்பிடும் ஆள் பக்கத்தில் இல்லை போல. பாவம்.